அமல் எந்தத் தமிழில் பேசுவான்? – பள்ளி மேடையும் ‘டாக்கர்’ நாடக மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

பள்ளிகளில் ஆண்டு விழாவை ஒட்டிச் சிறுவர் நடிக்கும் நாடகங்கள் திறனாய்வாளர் பார்வைக்கு உட்படுவது அரிது. அவை ஒரு மாலைப் பொழுதுடன் முடிந்துவிடுகின்றன. பல நாடகங்கள் கையெழுத்துப் படியாகவே இருந்து மறைந்தும் போகின்றன. எனினும் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அவை தரும் சான்று சிறிதன்று. ஒரு பனுவல் கண்ணால் படிக்க எழுதப்பட்டதா, வாயால் சொல்ல எழுதப்பட்டதா என்பதை அதில் நடிக்கும் பத்து வயதுக் குழந்தை ஒத்திகையின் முதல் நாளிலேயே காட்டிவிடும். தன் மொழியில் அமைந்த தொடரைக் குழந்தை பேசுகிறது. அமையாத தொடரை ஒப்புவிக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவையோர் உடனே உணர்ந்துகொள்வர்.

இக்கட்டுரை இரவீந்திரநாத தாகூரின் ‘டாக்கர்’ (அஞ்சல் நிலையம்) என்னும் வங்காள நாடகத்தை எடுத்துக்கொண்டு, அது சிறுவர் நடிப்பதற்கு ஏற்றதாக அமைவதற்குரிய மொழிக் காரணங்களையும், அதனைத் தமிழ்ப் பள்ளி மேடைக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் ஆராய்கிறது. நாடகம் முழுவதையும் எழுத்து வழக்கில் பெயர்ப்பது அதன் மொழியை மட்டுமன்றிப் பொருளையும் சிதைக்கும் என்பது இதன் முடிபாகும்.

2. நாடகமும் அதன் மேடைகளும்

1901ஆம் ஆண்டு இறுதியில் சாந்திநிகேதனில் தாகூர் ஐந்து மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியில் நாடகம், கல்விக்குப் புறம்பான பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. 1908இல் எழுதப்பட்ட ‘சாரதோத்சவ்’ என்னும் இலையுதிர்கால விழா நாடகம் அங்குப் பயின்ற சிறுவர் நடிப்பதற்கென்றே உருவானது. அதில் பெண் பாத்திரம் எதுவும் இல்லாமைக்கு அன்று அது சிறுவர் பள்ளியாக இருந்தமையே காரணம் எனலாம். நடிப்போர் யாவர், அவர்தம் வயது என்ன என்பன பனுவலின் அமைப்பையே முடிவுசெய்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

‘டாக்கர்’ 1911இல் எழுதப்பட்டு 1912இல் நூலாக வெளிவந்தது. இது சிறுவர்க்கென்று மட்டும் எழுதப்பட்டதன்று. ஆயினும் இதன் நடுவில் இருப்பவன் ஒரு சிறுவன். நோயுற்ற அமலை வெளியே விடலாகாது என்று வைத்தியர் தடைவிதிக்கிறார். அவனை வளர்க்கும் மாதவ தத்தர் அத்தடையை அன்பினாலேயே கடைப்பிடிக்கிறார். சாளரத்தருகே அமர்ந்துள்ள அமல், தெருவில் போகும் தயிர் விற்பவனையும் காவலனையும் ஊர்த்தலைவனையும் பூக்காரியின் மகள் சுதாவையும் விளையாடப் போகும் சிறுவர்களையும் அழைத்துப் பேசுகிறான். எதிரே புதிதாக அமைந்த அஞ்சல் நிலையத்திலிருந்து அரசன் தனக்கு மடல் எழுதுவான் என்று காத்திருக்கிறான். ஊர்த்தலைவன் ஏளனமாகக் கொணர்ந்த வெற்றுத்தாள், முடிவில் மெய்யான மடலாகிறது. அரசனுடைய மருத்துவர் வந்து கதவுகளையும் சாளரங்களையும் திறக்கச் சொல்கிறார், அமல் உறங்கிப்போகிறான்.

தேவவிரத முகர்ஜியின் ஆங்கிலப் பெயர்ப்பு வழியாக 1913இல் டப்ளின் அபே அரங்கில் இது நடிக்கப்பட்டது. கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தின் ஜோராசாங்கோ இல்லத்தில் 1917இல் நிகழ்ந்தபோது தாகூரே தாத்தாவாக நடித்தார். 1942 சூலை 18ஆம் நாள் வார்சா நகரின் யூதர் அடைப்புப் பகுதியில் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள் இதனைப் போலிஷ் மொழியில் நடித்தனர். மூன்று வாரங்கள் கழிவதற்குள் அவரும் ஏறத்தாழ 200 குழந்தைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். குழந்தைகளின் நாடகம் விழா மேடையை நிரப்பும் விளையாட்டு மட்டுமே எனக் கருதுவோர்க்கு இவ்வொரு நிகழ்ச்சியே போதிய விடையாகும்.

3. வங்காள இரட்டை வழக்கும் நாடக உரையாடலும்

‘டாக்கர்’ எழுதப்பட்ட காலத்தில் வங்காள உரைநடை இரட்டை வழக்கு நிலையில் இருந்தது. ‘சாது பாஷா’ என்பது எழுத்து வழக்கு. ‘சலித் பாஷா’ என்பது கல்கத்தாப் பகுதிப் பேச்சை அடியாகக் கொண்ட வழக்கு. வினைமுற்றுகளிலும் மாற்றுப்பெயர்களிலும் இவ்விரண்டும் தெளிவாக வேறுபடும். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்னும் பொருளில் எழுத்து வழக்கு ‘ஜாயிதேச்சி’ என்னும். பேச்சு வழக்கு ‘ஜாச்சி’ என்னும். நான்கு அசை கொண்ட சொல் இரண்டு அசையாகச் சுருங்குகிறது. ‘அவனுடைய’ என்பது முறையே ‘தாஹார்’, ‘தார்’ என வரும்.

பிரமத சௌதுரி 1914இல் தொடங்கிய ‘சபுஜ் பத்ர’ இதழின் வழியாகவே சலித் வழக்கு உரைநடையில் உரிமை பெற்றது. தாகூரின் புனைகதை உரைநடை முழுமையாக அவ்வழக்கிற்கு மாறியதும் அதன் பின்னரே. ஆனால் நாடக உரையாடலில் அவர் அதற்கு முன்பே பேச்சு வழக்கைக் கையாண்டார். 1908ஆம் ஆண்டுப் பள்ளி நாடகத்துச் சிறுவர்களும் 1912ஆம் ஆண்டு அமலும் சலித் வழக்கிலேயே பேசுகின்றனர். அச்சில் பின்னர் வந்த மாற்றத்திற்கு நாடக மேடை முன்னோடியாக விளங்கியது எனின் மிகையாகாது.

இதனினும் நுட்பமானது, ஒரே நாடகத்துள் அமைந்த வழக்கு வேறுபாடு. அமல் பேசுவது சிறுவன் பேச்சு. வைத்தியரோ சொல்லுக்குச் சொல் வடமொழி நூற்பாக்களை எடுத்தோதுகிறார். இவ்வேறுபாட்டில்தான் நகைச்சுவையும் பிறக்கிறது, கண்டனமும் பிறக்கிறது. நூல் படித்துப் பெரும் பண்டிதனாக வரவேண்டும் என மாதவர் விரும்ப, தனக்கு அது வேண்டா என அமல் மறுக்கிறான். பனுவல் முழுவதும் ஒரே எழுத்து வழக்கில் பெயர்க்கப்படின் வைத்தியரின் புலமைப் பேச்சு தனித்து ஒலிக்க இடமில்லை. மேலும், பண்டிதனாக மாட்டேன் என்று சொல்லும் சிறுவனே பண்டிதர் மொழியில் அதனைச் சொல்ல நேரும். நாடகத்தின் அடிப்படை முரண் அங்கேயே அழிந்துவிடுகிறது.

4. முன்னிலையும் விளியும் உறவுப்பெயரும்

வங்காள முன்னிலை ஒருமையில் ‘ஆப்னி’, ‘துமி’, ‘துயி’ என மூன்று படிகள் உள. முதலாவது மதிப்பு, மூன்றாவது மிக்க நெருக்கம் அல்லது தாழ்வு, இரண்டாவது இவற்றிற்கு இடைப்பட்டது. அமல் தயிர் விற்பவனையும் காவலனையும் ‘துமி’ என்றே அழைக்கிறான். அவர்களும் அவனை அவ்வாறே அழைக்கின்றனர். அன்பும் மதிப்பும் ஒருசேர அமைந்த இந்த இடைப்படியே தெருவிற்கும் சாளரத்திற்கும் இடையே ஒரு சமநிலையை உண்டாக்குகிறது.

தமிழில் இந்த இடைப்படி இன்றைய பொது வழக்கில் இல்லை. ‘நீர்’ என்பது சில வட்டாரங்களிலும் சில உறவுகளிலும் மட்டுமே வழங்குகிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் ‘நீ’, ‘நீங்கள்’ ஆகிய இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். காவலனை அமல் ‘நீ’ என்றால் செல்வர் வீட்டுப் பிள்ளை ஏவலரிடம் பேசுவது போலாகிறது. ‘நீங்கள்’ என, மறுமொழியில் காவலன் ‘நீ’ என்றால் சமநிலை குலைகிறது. இழந்ததை ஈடுசெய்யத் தமிழில் உள்ள வழி உறவுப்பெயர் விளியாகும்.

தொல்காப்பியர் விளிக்கென ‘விளிமரபு’ எனத் தனி இயலே வகுத்தமை நினைக்கத்தக்கது. வங்காளத்தில் ‘தயிவாலா’ எனத் தொழிற்பெயரால் மட்டும் அழைப்பது ‘துமி’யுடன் சேர்ந்து வருதலின் இழிவாகாது. தமிழில் ‘தயிர்க்காரா’ என்பது சாதி ஏற்றத்தாழ்வின் ஒலியை உடன் கொண்டுவரும். ‘தயிர்க்காரரே’ என்பது எந்தக் குழந்தையின் வாயிலும் வாராத ஏட்டு விளி. ‘தயிர்க்கார அண்ணே’, ‘தயிர்க்கார மாமா’ போன்றவையே தமிழ்க் குழந்தை அழைக்கும் முறை. மூலத்தில் இல்லாத உறவுப்பெயரைச் சேர்ப்பது பிழையாகாது. மூலத்தில் மாற்றுப்பெயர் ஆற்றிய பணியைப் பெயர்ப்பில் உறவுப்பெயர் ஆற்றுகிறது.

அமல் மாதவரை அழைக்கும் சொல் இதனினும் சிக்கலானது. மூலத்தில் அது ‘பிசேமஷாய்’, அதாவது தந்தையின் உடன்பிறந்தாள் கணவர். வங்காளத்தில் தந்தையின் அண்ணன் ‘ஜேட்டா’, தம்பி ‘காகா’, தாயின் உடன்பிறந்தான் ‘மாமா’, தாயின் உடன்பிறந்தாள் கணவர் ‘மேசோ’, அத்தையின் கணவர் ‘பிசே’ என ஐந்து வேறு பெயர்கள் உள. ஆங்கிலம் இவ்வைந்தையும் ‘அங்கிள்’ என்னும் ஒன்றனுள் அடக்குகிறது. தமிழோ பெரியப்பா, சித்தப்பா, மாமா என மூன்றாகப் பகுக்கிறது. அப்பகுப்பின் அடிப்படையும் வேறு. தாயின் உடன்பிறந்தானும் அத்தையின் கணவரும் தமிழில் ‘மாமா’ என ஒன்றுபடுகின்றனர். தந்தையின் தம்பியும் தாயின் தங்கை கணவரும் ‘சித்தப்பா’ என ஒன்றுபடுகின்றனர்.

ஆங்கிலத்தின் வழியே பெயர்ப்பவர் ‘அங்கிள்’ என்பதற்குச் ‘சித்தப்பா’ என எழுத எல்லா வாய்ப்பும் உண்டு. அது நாடகத்தின் தொடக்கத்தையே தடம் புரளச் செய்யும். அமல் மாதவருக்குக் குருதி உறவினன் அல்லன். மனைவிக்கு ஊர்முறையில் அண்ணன் மகன் முறையாகும் பிள்ளை. பொருளீட்டுதலையே தொழிலாகக் கொண்டிருந்த அவர், எங்கிருந்தோ வந்த இச்சிறுவனுக்காகவே இப்பொழுது ஈட்டுகிறார். அவனை இழந்துவிடுவோமோ என அஞ்சுகிறார். ‘சித்தப்பா’ என்னும் சொல் அவரைத் தொடக்கத்திலேயே தந்தையின் இடத்தில் வைத்துவிடுகிறது. அவர் அந்த இடத்தை நோக்கி நகர்வதே நாடகமாதலின், ‘மாமா’ என்பதே இங்குப் பொருந்தும். மாதவர் அமலை அன்புடன் ‘பாபா’ (அப்பா) என விளிப்பதற்கு ஆங்கிலத்தில் நேர் இணை இல்லை; தமிழிலோ ‘இல்லப்பா’, ‘வேண்டாம்ப்பா’ எனக் குழந்தையை அப்பாவாக்கும் அதே மரபு உயிருடன் உள்ளது. ஆங்கிலத்தை இடைநிறுத்தினால், தமிழுக்கு இயல்பாகவே கைகூடும் இச்செல்வம் கைநழுவிப் போகும்.

பொருட்பெயர்களிலும் இத்தகைய இடர்கள் உள. மூலத்தில் வரும் ‘கவிராஜ்’ என்பது வைத்தியரைக் குறிக்கும். ஒலிபெயர்த்து எழுதினால் தமிழர்க்கு அது புலவரைக் குறிக்கும். தயிர் விற்பவன் தோளில் சுமக்கும் ‘பாங்க்’ என்பதற்குப் பழந்தமிழ் நேர்ச்சொல் ‘காவடி’. ஆனால் இன்று மேடையில் அச்சொல் முருகன் வழிபாட்டையே நினைவூட்டும். இத்தகைய இடங்களில் ‘தோளில் தடி, இருபுறமும் தயிர்ப்பானை’ என விரித்துச் சொல்வதே நன்று. தமிழ் இலக்கிய மரபில் தயிரும் மோரும் விற்பவள் ஆய்மகளே என்பதைப் பெரும்பாணாற்றுப்படை முதலியவற்றால் அறியலாம். அதனால் மேடையேற்றுவோர் அப்பாத்திரத்தைத் தயிர்க்காரியாக மாற்ற எண்ணுதல் கூடும். ஆனால் அமல் தானும் அவ்வாறே தடி சுமந்து தொலைதூர வழிகளில் நடந்து கூவி விற்க விரும்புகிறான்; ஒரு சிறுவன் தன் வருங்காலத்தை அம்மனிதனிடம் காண்கிறான். இம்மாற்றம் அதனை வலுவிழக்கச் செய்யும்.

5. வினைமுடிபு மட்டும் மாறினால் போதாது

பேச்சு வழக்கில் எழுதுதல் என்பது ஈறுகளை மாற்றுதல் என்றே பலர் கருதுகின்றனர். நாடகச் சூழலை ஒட்டி எடுத்துக்காட்டிற்காக அமைக்கப்பட்ட பின்வரும் மூன்று தொடர்களை ஒப்பிடலாம்.

(அ) நான் வெளியே செல்வதற்கு வைத்தியர் அனுமதி அளிக்கவில்லை.
(ஆ) நான் வெளிய செல்றதுக்கு வைத்தியர் அனுமதி அளிக்கலை.
(இ) வெளிய போகக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்கார்.

(அ) எழுத்து வழக்கு. (ஆ)வில் ஈறுகள் மட்டும் மாறியுள்ளன. சொற்களும் தொடரமைப்பும் எழுத்து வழக்கினவாகவே நிற்கின்றன. ‘செல்’, ‘அளி’ என்னும் வினைகளும், ‘அனுமதி அளி’ என்னும் பெயர்–வினைக் கூட்டும் குழந்தையின் பேச்சில் இடம்பெறா. இத்தகைய கலப்புத் தொடர் (அ)வைக் காட்டிலும் செயற்கையானது. (இ)யில் எழுவாய் தொக்கது. தடை, பிறர் கூற்றாக ‘-ன்னு’ என்னும் மேற்கோள் இடைச்சொல்லுடன் வருகிறது. ‘அனுமதி’ என்னும் கருத்துப்பெயருக்கு ஈடாகக் ‘கூடாது’ என்னும் வினை நிற்கிறது. குழந்தைக்குத் தடை என்பது கருத்தன்று. யாரோ சொன்ன சொல். அமலின் உலகம் முழுவதும் பிறர் சொன்னவற்றால் ஆனது என்பதனை நோக்கின், மேற்கோள் அமைப்பு இந்நாடகத்திற்கு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும்.

(அ)வில் எட்டு வயதுக் குழந்தை மூச்சு வாங்கும் இடம் ‘செல்வதற்கு’ என்பதன் பின் அமைந்துவிடும். அங்கே தொடர் அறுபட்டுப் பொருளும் அறுபடும். (இ)யில் ‘கூடாதுன்னு’ என்பதன் பின் மூச்சு வாங்கினாலும் பொருள் கெடுவதில்லை. படுதாவின் பின்னிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் ஆசிரியர் எந்த இடங்களில் அடிக்கடி குரல் கொடுக்க நேர்கிறதோ, அந்த இடங்களில் பெரும்பாலும் குறை குழந்தையின் நினைவாற்றலில் இல்லை, தொடரமைப்பிலேயே உள்ளது.

6. எதிர்வாதங்கள்

இக்கருத்திற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, எழுத்து வழக்கை உரக்கச் சொல்லிப் பழகுவதற்குப் பள்ளி மேடையே வாய்ப்பு என்பது. ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரை, உயர்வழக்கும் தாழ்வழக்கும் பணி அடிப்படையில் பிரிந்து நிற்பதனைச் சுட்டியது. பொதுமேடைச் சொற்பொழிவு உயர்வழக்கிற்கு உரியது. ஆயின் நாடகம் சொற்பொழிவன்று. சொற்பொழிவில் பேசுபவர் ஒருவர். நாடகத்தில் பலர், ஒருவரோடொருவர் பேசுகின்றனர். எழுத்து வழக்குப் பயிற்சிக்கும் இந்நாடகத்திலேயே இடம் உண்டு. அரசனின் தூதுவன் அறிவிப்பினை எழுத்து வழக்கில் சொல்வது முற்றிலும் பொருந்தும். அவன் வரும்பொழுது மொழி மாறுவதனாலேயே அரசனின் வருகையை அவை உணரும்.

இரண்டாவது, பேச்சு வழக்கு எனின் எவ்வூரார் பேச்சு, எச்சாதியார் பேச்சு என்பது. இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. ஒரு வட்டாரப் பேச்சை நகைப்புக்குரிய பாத்திரத்திற்கு மட்டும் கொடுப்பது, அவ்வட்டாரக் குழந்தையை அவையில் நாணச் செய்யும். இதற்கு வழி, அச்சுப்படியைப் பரவலாக விளங்கும் பொதுப்பேச்சுத் தமிழில் அமைத்து, விளிகளையும் உறவுப்பெயர்களையும் நடிக்கும் குழந்தைகளின் ஊர் வழக்கிற்கேற்ப ஒத்திகையில் மாற்றிக்கொள்ள இடம் விடுதலாகும். சாந்திநிகேதனில் நடிப்போரை ஒட்டிப் பனுவல் அமைந்தது போலவே இதுவும்.

மூன்றாவது மறுப்பு வலுவுடையது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் உருவாக்கிய சிறுவர் நாடகக் குழுவினரும், அத்தகைய பிற குழுவினரும் செந்நடையில் அமைந்த பாடல்களையும் வசனங்களையும் திறம்பட நடித்தனர். குழந்தை வாய்க்கு உயர்நடை ஒவ்வாது எனின் இஃது எங்ஙனம் இயலும்? விடை, அந்நடையின் ஒலியமைப்பில் உள்ளது. அது எதுகை, மோனை, சந்தம் ஆகியவற்றால் நினைவிற்கும் மூச்சிற்கும் துணைசெய்வது. அதனை அச்சிறுவர் ஆண்டுக்கணக்கில் தொழிலாகப் பயின்றனர். அதனொடு ஒப்பிடத்தக்கதன்று, பாடநூல் உரைநடை. அது சந்தமும் இல்லாதது. பேச்சின் இயல்பும் இல்லாதது. எனவே இங்கு மறுக்கப்படுவது உயர்நடை அன்று. வாய்க்கென அமையாத நடையே.

இவற்றோடு ஓர் ஐயமும் எழலாம். வார்சா குழந்தைகள் நடித்த படியில் வங்காள உறவுப்பெயர்களும் மூன்று படி முன்னிலையும் அப்படியே இருந்திருக்க இயலாது. எனினும் நாடகம் அங்கே தன் பணியைச் செய்தது. அங்ஙனமாயின் இத்துணை நுட்பங்கள் எதற்கு? போலிஷ் மொழி தமிழ் போன்ற இரட்டை வழக்கு மொழி அன்று என்பதை இங்கு மறத்தல் ஆகாது. அங்கே மொழிபெயர்ப்பாளர் இழந்தவை உறவின் நுண்படிகள். குழந்தையின் மொழியை அவர் இழக்க வேண்டிய தேவை எழவில்லை. தமிழில் உறவின் நுண்படிகளைப் பெரும்பாலும் காத்துக்கொள்ள இயலும். இழக்கும் இடர் குழந்தையின் மொழிக்கே உள்ளது. அதனை இழக்கும் பனுவல், உன் வீட்டுப் பேச்சு மேடைக்கு ஆகாது என்று அக்குழந்தைக்குச் சொல்லாமற் சொல்லிவிடுகிறது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: சிறுவர் நடிக்கும் நாடகத்தைப் பெயர்ப்போர் பனுவல் முழுமைக்கும் ஒரே வழக்கைக் கொள்ளாது, பாத்திரந்தோறும் வழக்கை முடிவுசெய்தல் வேண்டும். முன்னிலைப் பெயர்களையும் விளிகளையும் உறவுப்பெயர்களையும் மூலமொழியிலிருந்தே நேரே கண்டறிதல் வேண்டும். இடைமொழி வழிப் பெயர்ப்போர் இவற்றிற்கேனும் மூலமறிந்தாரை நாடுதல் வேண்டும். ஈறுகளோடு தொடரமைப்பையும் மாற்றுதல் வேண்டும். இவை அனைத்தினும் முதன்மையாக, மொழிபெயர்ப்பாளர் முதல் ஒத்திகைக்கு நேரில் சென்று, குழந்தைகள் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்துதல் வேண்டும்; அதன் பின்னரே படியை இறுதி செய்தல் தகும்.

நாடகத்தின் கடைசிப் பேச்சு சுதாவினுடையது. பூக்கொண்டு வருவதாகச் சொல்லிச் சென்றவள் திரும்பி வருகையில் அமல் உறங்கிவிட்டான். தான் அவனை மறக்கவில்லை என்பதை, அவன் விழித்ததும் காதில் சொல்லுமாறு அரச மருத்துவரிடம் அவள் கேட்டுக்கொள்கிறாள். காதோடு சொல்ல வேண்டிய அச்செய்தியை ஏட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்தால் அச்சிறுமி அதனை அவை நோக்கி உரக்க அறிவிப்பாள். தான் பேசும் தமிழில் கொடுத்தால் அருகில் நிற்பவரிடம் தாழ்ந்த குரலில் சொல்வாள். பின்வரிசையில் இருப்போரும் அதனைக் கேட்கச் செவிசாய்ப்பர்.